‘எங்க’ என்றால் யார் யார்

மூணாறு மலையில், சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரீச். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பனி இன்னும் விலகவில்லை. அங்கே ஆயாவாக இருந்த என் சித்தி, அதாவது என் அம்மாவின் தங்கை, ஒரு எவர்சில்வர் டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “யாரு இன்னும் பால் குடிக்கல?” என்று கேட்டாள். சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், நெஞ்சில் கையை வைத்து, “ஏன்” என்றாள்.

“ஏனா? குடிச்சாத்தானட்டி வளருவ” என்றாள் சித்தி.

“ஏன்” என்றாள் அவள் மறுபடியும், இன்னும் பலமாக நெஞ்சில் தட்டி.

“எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு கேக்குதா பாரு பிள்ள” என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சித்தி டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். டீச்சரான நான் பள்ளி விடுமுறைக்கு அங்கே வந்திருந்தேன். அந்தப் பெண் பாலைக் குடித்து முடித்து உதட்டுக்கு மேல் ஒட்டிய பால் மீசையைத் துடைக்கும் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் கேட்கிற பிள்ளை தன் நெஞ்சில் ஏன் தட்ட வேண்டும்? அவள் கேள்வி கேட்கவில்லை, பதில் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குப் புரிய மத்தியானம் ஆயிற்று. வடக்கிலிருந்து வேலைக்கு வந்திருந்த அவர்கள் மொழியில் ‘ஏன்’ என்றால் ‘நான்’.

சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளர்கள். நான் பிறந்தது அங்கே லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். சித்திக்குக் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே சித்தப்பா ஜீப் கவிழ்ந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி யாரிடமும் புலம்பவும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் அவள் மடியில் தூங்கியவர்கள்தான், நான் உட்பட. அப்பா, அம்மா காலமான பிறகு எனக்கென்று மலையில் மிச்சமிருந்தது சித்தி ஒருத்திதான். நான் கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய வடகரப்பதிப் பக்கம் வாக்கப்பட்டு, அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு டீச்சராக இருக்கிறேன்.

நான், நீ, தான் போன்ற சின்னச் சொற்களில் தடுக்கி விழுவது எனக்குப் பழக்கமான விஷயம். மூணாறில் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்த மலையாளப் பெண், “தன்றெ பேரெந்தா?” என்று கேட்டாள். தன்னுடைய பெயரை எதற்கு என்னிடம் கேட்கிறாள் என்று விழித்தேன். தமிழில் ‘தான்’ என்பது பேச்சில் வருகிற ஆளைத் திரும்பிச் சுட்டும் சொல். மலையாளத்தில் அதுவே எதிரில் இருக்கிற சமவயதுக்காரரைக் கூப்பிடவும் ஆகும். ஒரே சொல், மலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆளையும் அந்தப் பக்கம் வேறோர் ஆளையும் காட்டுகிறது. கல்யாணமாகி வடகரப்பதிக்குப் போனபோது வேறு மாதிரி ஒரு குழப்பம். என் கணவரின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், “வாங்க கண்ணு”, “சாப்புடுங்க கண்ணு” என்றே என்னிடம் பேசினார். எங்கள் தோட்டத்தில் ‘நீங்க’ என்பது டாக்டருக்கும் மேனேஜருக்கும் உரியது. வீட்டுப் பெண்ணிடம் அப்படிப் பேசினால் கோபம் என்று அர்த்தம். அத்தைக்கு என்மேல் ஏதோ வருத்தம் என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பிறந்த குழந்தையையும் ‘ங்க’ போட்டுத்தான் கொஞ்சுவார்கள் என்பது பக்கத்து வீட்டுத் தொட்டிலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அங்கே ‘ஏனுங்க’ என்பது காரணம் கேட்கிற சொல்லே அல்ல. ஆளைக் கூப்பிடுகிற சொல்.

அதனால்தான் அந்தச் சிறுமியின் ‘ஏன்’ என்னை விடவில்லை. அவள் பெயர் சித்தியின் வாயில் நுழையவில்லை. சித்தி அவளைச் சிட்டு என்று கூப்பிட்டாள். அதையொட்டி அவள் அம்மாவை லயம் முழுவதும் சிட்டம்மா என்றது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப்போக, காலியான லய வீடுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் தோட்டத்தில் ‘பெங்காலிக’ என்றுதான் சொன்னார்கள். வங்காளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சிட்டம்மா கத்தோலிக்கப் பெண். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சித்திக்குப் பின்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பேசிய இந்தியில் தன்னையே ‘ஹம்’ என்று சொல்லிக்கொள்வாள். பள்ளிக்கூட இந்தியில் அது ‘நாங்கள்’. ஒருமுறை தோட்டத்து டிஸ்பென்சரியில் போய் ‘ஹம்’முக்குக் காய்ச்சல் என்றதும், கம்பவுண்டர் மற்றவர்களையும் வரச்சொல் என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

சிட்டு ‘ஏன்’ என்ற அன்று சாயங்காலமே சித்தி வீட்டு அடுப்படியில் சிட்டம்மாவிடம் என் பள்ளிக்கூட இந்தியைக் கொண்டு கேட்டேன். உங்கள் பேச்சில் நானுக்கு என்ன, நீக்கு என்ன? அவளுக்கு வெட்கம். இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டதில்லை. பிறகு விரலால் தன்னைக் காட்டி “ஏன்” என்றாள். என்னைக் காட்டி “நீன்” என்றாள். தன்னையும் சிட்டுவையும் காட்டி, என்னைத் தவிர்த்து, “ஏம்” என்றாள். கையை வட்டமாகச் சுற்றி எல்லோரையும் சேர்த்து “நாம்” என்றாள். நான் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பழைய தமிழில் யான், யாம், நாம் என்று படித்தது எனக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. என்னுடையது ‘எங்ஹை’, உன்னுடையது ‘நிங்ஹை’. கேட்கிறவரை விட்டுவிட்டு எங்களுடையது என்றால் ‘எம்ஹை’. கேட்கிறவரையும் சேர்த்து நம்முடையது என்றால் ‘நம்ஹை’. இந்த வித்தியாசம் ஆங்கிலத்தில் கிடையாது. அவள் பேசிய இந்தியிலும் கிடையாது. மலையாளத்தில் ஞங்ஙள், நம்மள் என்று உண்டு. எங்கள் வீட்டில் ஜெபம் சொல்லும்போதும் கடவுளிடம் ‘எங்கள்’ என்றுதான் வேண்டுவோமே தவிர, ‘நம்’ என்று சொல்ல மாட்டோம். சொன்னால் கடவுளும் நம்மோடு சேர்ந்து பாவம் செய்தவராகிவிடுவார்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவள் பேசியது குருக் என்கிற மொழி. தமிழும் மலையாளமும் கன்னடமும் பிறந்த குடும்பத்தில்தான் அதுவும் பிறந்திருக்கிறது. எப்போது எப்படிப் பிரிந்தது என்று படித்தவர்களே பல விதமாகச் சொல்கிறார்கள். வீடு, சாப்பாடு, மரம், விலங்கு எல்லாவற்றுக்கும் பேர் மாறியிருக்கலாம். நான், நீ என்பதை மட்டும் யாரும் எளிதில் கடன் வாங்குவதில்லை போலிருக்கிறது. சித்தியிடம் விளக்கிச் சொன்னேன். அவள் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. “மூஞ்சியப் பாத்தா நம்ம ஆளு மாதிரித்தான இருக்கா. இது என்னத்துக்கு பொஸ்தகம்” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் அவரவர் மொழியிலேயே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். சிட்டுவைப் பற்றிச் சித்தி, “அது இன்னும் தூங்கல” என்பாள். பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே சொல்லாக அவர்கள் மொழியில் இருக்கும் ‘ஆத்’தைச் சொல்லி சிட்டம்மா பதில் பேசுவாள். பாதி புரியும். மீதிக்குக் கை இருந்தது.

சிட்டுவின் அப்பா நடவு வேலைக்கென்று ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போனை எடுக்கவில்லை. அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சிட்டம்மா அதைக் கேட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்கு இருமல் பிடித்தது. விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பு பாதியாகிவிட்டது. நெஞ்சில் காசநோய் என்று கண்டுபிடித்துக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஜீப்பில் ஏறும்போது பிள்ளையைத் தொடாமலே, தூரத்தில் நின்று சித்தியைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினாளாம். சித்தி சிட்டுவைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

அது எதிர்பார்த்ததைவிட நீண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மடத்துக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதிக்குப் போய், மருந்து தின்று, தேறி வர அவளுக்கு அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. அதற்குள் சிட்டு தமிழ் பேசினாள். சித்தியைப் போலவே “சொல்லுதேன்”, “கேக்குதேன்” என்று பேசினாள். ஆயாம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போதோ அம்மா என்று மாற்றிக்கொண்டாள். சித்தி அதைத் திருத்தவில்லை. நான் போனில் கேட்டபோது, “கூப்புட்டுட்டுப் போகட்டுமே பிள்ள, வாய் நோகவா போவுது” என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

சிட்டம்மா திரும்பி வந்த அன்று பிள்ளை அவளை அடையாளம் கண்டுகொள்ளாமல் சித்தியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நோய் போய்விட்டது, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளித்தான் நின்றார்கள். சித்தி தள்ளி நிற்கவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தாள், வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். ஆனால் பிள்ளைக்குத் தலை பின்னுவதையும், சோறு ஊட்டுவதையும், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வதையும் பழக்கதோஷத்தில் தானே செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் பிள்ளை சிட்டம்மா வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது சித்தி போய், “வாட்டி, நம்ம வீட்டுக்குப் போவோம், பனி விழுது” என்று கூப்பிட்டிருக்கிறாள். சிட்டம்மா எழுந்து வந்து பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, “எம்ஹை” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லையாம்.

“எம்-ன்னுட்டா பிள்ள” என்று சித்தி அன்று போனில் சொன்னாள். “நம்-ன்னு சொல்லல.”

“அவ அர்த்தம் வச்சுச் சொல்லியிருக்க மாட்டா சித்தி” என்றேன்.

“அர்த்தம் வச்சுத்தான் சொன்னா. பெத்தவ சொல்லத்தானே செய்வா” என்றாள் சித்தி. பிறகு மழையைப் பற்றிப் பேசினாள். மறுநாள் சிட்டுவின் துணிகளையெல்லாம் துவைத்து, காயவைத்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்ச் சிட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கிரீச்சில் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது போலவே அவளையும் பார்த்தாள். பிள்ளை அம்மா என்று கூப்பிட்டால், “ஆயாம்மான்னு சொல்லணும்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் போயிருந்தபோதுதான் சிட்டுவின் பெரியப்பா ஜார்க்கண்டிலிருந்து வந்தார். தம்பி கைவிட்டுவிட்டான், தம்பி பெண்டாட்டி நோயாளி, பிள்ளையை நாங்கள் எடுத்துக்கொண்டு போகிறோம் என்பது அவர் பேச்சு. கெட்ட மனிதரல்ல. பிள்ளைக்குப் புதுச் சட்டையும், சிட்டம்மாவுக்கு ஊர் அவலும் கொண்டுவந்திருந்தார். மூன்று பகல் ரயிலில் உட்கார்ந்து கால் வீங்கியிருந்தது. ஆனால் பிள்ளை இல்லாமல் திரும்புவதாக அவர் வரவில்லை. சிட்டம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். மலையாளியான பீல்டு ஆபீசர் வந்தார். எனக்கு இந்தி தெரியும் என்பதால் என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

“ஈ குட்டி ஆருடெயா?” என்று பீல்டு ஆபீசர் கேட்டார். இந்தப் பிள்ளை யாருடையது? நான் அதை இந்தியில் கேட்டேன். “ஹமாரா” என்றார் பெரியப்பா. அதை நான் மலையாளத்தில் சொல்ல வேண்டும். எதிரே நிற்கிற சிட்டம்மாவைத் தவிர்த்து ஞங்ஙளுடெ என்பதா, அவளையும் சேர்த்து நம்முடெ என்பதா? அவர் சொன்ன ‘ஹமாரா’வில் சிட்டம்மா இருக்கிறாளா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. உங்கள் மொழியிலேயே அவளிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் சிட்டம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. நெடுநேரம் பேசினார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான், “நம்ஹை.” உனக்கும் எங்களுக்கும் சேர்த்து நம்முடையது, நீயும் வா, குடும்பத்தை விட்டு இங்கே எதற்குத் தனியாகக் கிடக்கிறாய் என்பதாக இருந்திருக்க வேண்டும். அவர் அவளைத் தள்ளிவைக்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் சரி என்று சொன்னாலும் குறைசொல்ல முடியாது.

சிட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டிருந்த சித்தியிடம் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெரியப்பா முன்னால் நிறுத்தினாள். “எம்ஹை” என்றாள்.

பீல்டு ஆபீசருக்கு அது புரியவில்லை. கூடியிருந்த தமிழர்கள் யாருக்கும் புரிந்திருக்காது. பெரியப்பாவுக்குப் புரிந்தது. அவர் சித்தியை மேலும் கீழும் பார்த்தார். சித்திக்கும் புரிந்தது. அன்றைக்கு அவளை வெளியே தள்ளிய அதே சொல் இப்போது வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு அவளை உள்ளே வைத்திருக்கிறது. சிட்டம்மா அவள் பக்கம் திரும்பி, அதற்குள் கற்றிருந்த தமிழில், “நம்ம பிள்ள, ஆயாம்மா. நீ சொல்லு” என்றாள். அவள் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வாள். மேனேஜரையும் அப்படித்தான்.

“அவரு மொதல்ல ஒக்காரட்டும், காலு வீங்கிக் கெடக்கு பாரு” என்றாள் சித்தி. “பிள்ள எங்கயும் போகாது. அவுக வேணும்னா வருசா வருசம் வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

நான் மொழிபெயர்த்தேன். பெரியப்பா உட்கார்ந்தார். சித்தி போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்தார். தம்பி செய்தது தப்புதான் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் காலையில் பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டு, கிளம்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு தடவையோ என்னவோ வந்தார். ஒவ்வொரு முறையும் அவல் கொண்டுவந்தார்.

சித்தி ரிட்டயர் ஆனபோது லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தோட்டத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் இருந்தால் வீடு அவர்கள் பேருக்கு மாறும். சித்திக்கு அப்படி யாரும் இல்லை. வடகரப்பதியில் எங்கள் வீட்டில் முன்பக்க அறையை ஒழித்துவிட்டு, கட்டில் போட்டு, அத்தையே சுண்ணாம்பு அடிக்க ஆள் பார்த்து வைத்திருந்தார். நான் மூணாறில் ஜீப் பேசிக்கொண்டு சித்தியை அழைத்துவரப் போனேன். அவள் சாமான்களில் பாதி அங்கே இல்லை. நான்கு வீடு தள்ளி, நிரந்தரத் தொழிலாளியாகிவிட்ட சிட்டம்மாவுக்கு ஒதுக்கியிருந்த வீட்டில் இருந்தது. சிட்டு பள்ளிச் சீருடையில், சித்தியின் மாதா படத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

“வாங்க சித்தி, நம்ம வீட்டுக்குப் போவோம். அறையெல்லாம் ரெடியா இருக்கு” என்றேன்.

“நீ எதுக்குட்டி இம்புட்டுத் தூரம் ஜீப்ப எடுத்துட்டு வந்த” என்றாள் சித்தி. “நான் எங்க வீட்டுலயே இருந்துக்கிடுதேன். நீ லீவுக்கு வந்து போ.”

எங்க வீடு. அவள் யோசித்துச் சொன்ன சொல் அல்ல. சட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். ஆனால் எனக்கு உறைத்தது. நான் சொந்த அக்காள் மகள். அந்த ‘எங்க’வில் சிட்டம்மா இருந்தாள், சிட்டு இருந்தாள், நான் இல்லை. மூணாறு வந்து உடுமலைப்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அது நெருடிக்கொண்டிருந்தது. சின்னாறு தாண்டிய பிறகுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. தமிழில் தனியாளாக இருக்கிறவர்கள்கூட எங்க வீடு என்றுதான் சொல்வோம். ஒரே பிள்ளையும் எங்க அம்மா என்றுதான் சொல்லும். சித்தி சொன்னதில்லை. சித்தப்பா போன பிறகு இத்தனை வருடத்தில், சிட்டுவிடம் நம்ம வீடு என்றதைத் தவிர, அவள் குடியிருந்த வீட்டை ‘கம்பெனி வீடு’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவள் எங்க வீடு என்று சொல்லி நான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறேன்.

சித்தி அந்த வீட்டில்தான் கடைசிவரை இருந்தாள். போன வருடம் பனிக்காலத்தில், கொஞ்ச நாள் படுக்கையில் கிடந்து, சிட்டம்மா பக்கத்தில் இருக்கும்போது போனாள். சிட்டு இப்போது மேல்நிலைப் பள்ளியில் மலையாள மீடியத்தில் படிக்கிறாள். வீட்டில் அவர்கள் பேசும் மொழியில் எது எங்கே முடிகிறது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சித்தியை அழைத்துவரப் போன அன்று நான் தனியாக வந்து இறங்கியதைப் பார்த்து அத்தை வாசலுக்கு வந்தார். “ஏனுங் கண்ணு, சித்தி வர்லீங்களா?” என்று கேட்டார்.

“அவங்க வீட்டுலயே இருந்துக்கறாங்களாமுங்க அத்தை” என்றேன்.

“அதுஞ் செரிதானுங்க” என்று சொல்லிவிட்டு அத்தை எனக்குச் சாப்பாடு எடுத்துவைக்கப் போனார். சித்திக்காகப் போட்டிருந்த கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. சாப்பிட்டுவிட்டு அதில் நானே படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினேன்.